சுண்டல் ஓடி வந்தது

டோக்கன் நாற்பத்தேழு. எட்டுக் களத்தையும் ஒரே வருஷத்தில் ஜெயித்த மனுஷன், முச்சந்தியில் சிலை வேறு நிற்கிறது, ஆனால் பூதக் காப்பகத்துக்கு வந்தால் நாற்பத்தேழாவது ஆள். ஆவுடையப்பன் அந்த மஞ்சள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், திருப்பினால் எண் குறைந்துவிடப் போகிறது பாருங்கள். ஜன்னலுக்கு மேலே இருபத்திரண்டு எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சு முழுக்க ஆள். ஒவ்வொருத்தன் மடியிலும் ஒரு சிமிழ், ஒவ்வொருத்தன் முகத்திலும் உலகத்தையே பிடித்து அடைத்துவிட்ட களை. என்னத்தைப் பெரிதாக அடைத்திருக்கப் போகிறான், ஊர் எல்லைப் புல்லில் தடுக்கி விழுந்தால் காலோடு வருகிற தத்துக்கிளிப் பூதத்தைத்தானே. இது ஒரு வீடியோ கேமுக்குள் இருக்கிற ஊர்; அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வெளியே இருக்கிற ஊர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம். புல்வெளியில் பூதம் திரியும், பிடித்துச் சிமிழில் அடைப்பார்கள், அடைத்ததை அடுத்தவன் பூதத்தோடு மோதவிடுவார்கள், எட்டுக் களத்தில் ஜெயித்தவன் சாம்பியன். ஓய்வுபெற்ற சாம்பியன் என்பது ஆவுடையப்பனுக்கு இதில் கிடைத்த உத்தியோகம். புதிதாக வருகிற அத்தனை பேரும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். கதவைத் தட்டுகிற பழக்கமே கிடையாது. நேராக உள்ளே நுழைந்து, அடுக்களைப் பானையைத் திறந்து பார்த்து, அலமாரியைக் குடைந்து, கட்டிலைச் சுற்றி இரண்டு தரம் ஓடி, அதற்கப்புறம்தான் அவர் முன்னால் வந்து நிற்பது. அவர் எழுந்து முதல் சிமிழைக் கையில் கொடுத்து மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். புல்லுக்குள் போகும்போது கவனம். அடிபட்ட பூதத்துக்கு முதலில் மருந்து போடு. மூன்றாவதுதான் பேர்பெற்ற வாக்கியம், பள்ளிக்கூடச் சுவரில்கூட எழுதிப் போட்டிருக்கிறார்கள்: உன் பூதத்தை நம்பு. அந்த மூன்றாவதை முழுசாகக் கேட்டவன் இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தன் இல்லை. இரண்டாவதிலேயே சரி சரி சரி என்று தாவிவிடுவார்கள். தாவட்டும். அதைச் சொல்லும்போது அவருக்கே நாக்கு கூசும்.

பக்கத்தில் நப்பின்னை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷத்துச் சாம்பியன். இருபத்திரண்டு வயசு, காலில் ஓடுகிற செருப்பு, நின்ற இடத்திலும் நிற்க மாட்டாள், சுவரில் முட்டிக்கொண்டாவது கால் மிதித்துக்கொண்டிருக்கும். இவளும் ஒரு காலத்தில் அவருடைய அடுக்களைப் பானையைத் திறந்து பார்த்தவள்தான். இன்றைக்கு நாலு மணிக்குப் பெரிய களத்தில் இவளுக்கும் அவருக்கும் ஒரு மரியாதைச் சண்டை. பழைய சாம்பியனின் பூதத்தோடு புதிய சாம்பியனின் பூதம். சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்து, மாலை போட்டு, ஐயா கருங்கல் வேந்தனை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஊருக்குக் கண் பூத்துப் போச்சு, ஒரே ஒரு தடவை வெளியே கொண்டுவாங்க என்றார்கள். கருங்கல் வேந்தன்! பத்திரிகைக்காரன் வைத்த பேர். அதை ஒரு நாளாவது குளிப்பாட்டியிருப்பானா அவன், வேந்தனாம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் எல்லாரையும் எட்ட நிறுத்தி வைத்தது. "நாலு மணின்னா நாலு மணிக்கு இருக்கணும் சார்," என்றாள் நப்பின்னை, "ஜனம் காலைலயே உக்காந்தாச்சாம்." ஜனத்துக்கு வேறு என்ன வேலை. "அதை விடு. பாறைவகைப் பூதம் எதிர்ல வந்தா நீ மொதல்ல அது கழுத்து விசிறியை..." என்று ஆரம்பித்தார். "சரி சார்." "நான் இன்னும் சொல்லி முடிக்கலை." "சரி சார். முறுக்கு வேணுமா?" வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டார். இதுதான் இந்தத் தலைமுறையின் லட்சணம். ஒரு வாக்கியம் வாசலைத் தாண்டுவதற்குள் அதன் மண்டையில் போட்டுவிடுவார்கள். இதுகளெல்லாம் ஜெயிக்கிறது என்றால் எதிரில் நிற்கிறவன் எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும். ஜெயித்த பூதத்தைத் தட்டிக்கூடக் கொடுக்காமல் அடுத்த சண்டைக்கு ஓடுகிற ஜாதி. இருபத்தெட்டு எரிந்தது. அதற்குள்ளா. இருபத்திரண்டு எப்போது இருபத்தெட்டு ஆனது?

வேகமாகப் போகிறது. காப்பகத்து ரெஜினாம்மாவைப் பற்றி ஊரில் சொல்வார்கள், ஒரு கையெழுத்துக்கு ஒரு மணி நேரம் ஆக்குவாள் என்று. இன்றைக்குப் பார்த்து அவளுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. வரட்டும். அவருக்கென்ன பயமா? அவர் வீட்டு வாசலில் இருந்து இந்தக் காப்பகம் அறுபதே எட்டு நடை. இருபத்தாறு வருஷத்தில் அந்த அறுபது எட்டை ஒரு தடவைகூட நடந்ததில்லை. கேட்டால், பழைய வெற்றியைப் போய்த் தடவிக்கொண்டிருப்பது தரித்திரம் பிடித்தவன் செய்கிற காரியம் என்பார். கேட்டவர்கள் ஆகா என்று தலையாட்டிக்கொண்டு போவார்கள். எதைச் சொன்னாலும் ஆகா. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் பக்கத்துக்காரியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தும்ம வாயத் தொறந்துச்சா, நான் பார்க்காம சிமிழை மூடிட்டேன். ஒன்பது வருஷம் கழிச்சு வந்து தொறக்கேன், மிச்சத் தும்மலு முழுக்க என் மூஞ்சில!" இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதிலென்ன அதிசயம். சிமிழுக்குள் காலம் கிடையாது. பசி கிடையாது, தூக்கம் கிடையாது, வயசாகிறது கிடையாது. மூடிய நொடி அப்படியே இருக்கும். இது தெரியாமலா ஊரில் பூதம் பிடிக்கிறார்கள்? ஒன்பது வருஷத் தும்மலை ஒரு கதை என்று சொல்லி, அதைக் கேட்டுச் சிரிக்கவும் ஒருத்தி. ஆவுடையப்பன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூடிய நொடி அப்படியே இருக்கும். அப்படியானால் உள்ளே இன்னும் அந்த மத்தியானம். உப்பளம். வெள்ளை வெயில். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு; உள்ளே இருப்பதற்கு அவர் முப்பத்திரண்டு. இவர் இங்கே பல் கட்டி, மூட்டு தேய்ந்து, மனைவியைப் பறிகொடுத்து, சர்க்கரைக்கு மாத்திரை தின்றுகொண்டிருக்கிறார். அதற்கு இன்னும் மூச்சு வாங்கல்கூட நிற்கவில்லை.

அது ஓடி வந்தது. அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. உப்பளத்துக்குப் பின்னால் ஒரு வேலிக்குள் பயிற்சிச் சண்டை. எதிரில் செல்லத்துரை, உப்பளத்துக் காவல்காரன், ஒரு களம்கூட ஜெயித்து முத்திரை வாங்கினவன் கிடையாது, தணல்பல்லி ஒன்று வளர்த்துவந்தான். சாம்பியன் அந்தப் பக்கம் போகிறார் என்றதும் அண்ணாச்சி ஒரு கை போடலாமா என்று கெஞ்சினான். போனால் போகிறது என்று இறங்கினார். பாவம், அவனுக்கும் பேரன் பேத்திக்குச் சொல்ல ஒரு கதை வேண்டாமா. உச்சி வெயில். பாத்தி பாத்தியாக உப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை, பல்லி துப்புகிற நெருப்பு அந்த வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, சூடு பட்டால்தான் உண்டு. பல்லி வாயைத் திறந்தது. இவர் முட்டு என்றார். அது முட்டவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தது. முட்டுலே என்றார். எதிரிக்கு முதுகைக் காட்டிவிட்டு இவரைப் பார்த்து ஓடி வந்தது. நாற்பது சண்டையில் ஓர் அங்குலம் பின்வாங்காத பூதம், ஒரு பல்லிக்குப் பயந்து எஜமானிடம் ஓடி வருகிறது. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோழை என்று கத்தினார். கோழை நாயே. கத்திக்கொண்டே சிமிழை நீட்டி மூடினார். சண்டை நடுவில் மூடினால் தோல்வி, அது சட்டம். மூடிய அடுத்த நொடி இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. வந்த நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. அது நின்ற இடத்தில் நின்றிருந்தால் நெருப்பு அதோடு நின்றிருக்கும். ஓடினது, அதனால் இவர் கை வெந்தது. இதில் என்ன குழப்பம்? இருபத்தாறு வருஷமாக ஒரு குழப்பமும் இல்லை. மறுநாள் காப்பகத்தில் சிமிழைக் கொடுத்தார், அதற்கு மறுநாள் சபையில் எழுந்து, இளையவர்களுக்கு வழிவிடுகிறேன் என்றார். தோற்காமலே விலகிய ஒரே சாம்பியன் என்று எழுதினான் பத்திரிகைக்காரன். அழுதார்கள். மடையர்கள்.

"சார், ஒரு கையெழுத்து." எதிரில் ஒருத்தன் குனிந்து நின்றான். வழுக்கைத் தலை, தோளில் துண்டு, டோக்கன் அட்டையையே நீட்டுகிறான், அதில்தான் கையெழுத்து வேண்டுமாம். நாற்பத்தெட்டு. "இந்த அட்டையைக் கவுண்டர்ல திருப்பிக் கேப்பாங்களேய்யா?" "கேட்டா குடுக்க மாட்டேன் சார், வீட்ல சட்டம் போட்டு மாட்டிருவேன்." மாட்டு. நன்றாக மாட்டு. கிறுக்கிக் கொடுத்தார். அவன் போகாமல் நின்று அவருடைய இடது கையையே பார்த்தான். "செந்தழல் மலைல, ஏழாவது களத்துல பட்ட காயந்தானே சார் இது? நான் அப்ப ரேடியோல கேட்டேன். நீங்க கையக் குடுத்து உங்க பூதத்தைக் காப்பாத்துனீங்களாமே." எவன் கட்டிவிட்ட கதை இது! அவர் சொன்னதில்லை. சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை; அப்படித்தான் பெரிய மனுஷன் கதையெல்லாம் வளர்கிறது, கிணற்றுப் பாசி மாதிரி. "ஆமா," என்றார். வழுக்கைத்தலையன் கண் கலங்கிக் கும்பிட்டான். நப்பின்னை முறுக்கை நிறுத்திவிட்டுக் கையை எட்டிப் பார்த்தாள். "இது உள்பக்கமா இல்ல சார் பட்டிருக்கு? பூதத்துக்காகக் கையக் குடுத்தா இப்படி வெளிப்பக்கமால்ல நீட்டுவாங்க?" அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார். "ஒனக்கு எல்லாம் தெரியும்." "இல்ல சார், சும்மா கேட்டேன்." "சும்மா கேக்காத." "சரி சார்." முப்பத்தொன்பது. சிமிழை நீட்டிய கை. சிமிழை நீட்டும்போது உள்பக்கம்தான் முன்னால் இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் பெண் ஒன்றைக் கவனித்திருக்கிறாள், அதையும் போய் இன்றைக்குத்தானா கவனிக்க வேண்டும்.

செல்லத்துரை ஓடி வந்தான். அதுவும் ஓடி வந்ததுதான். பாத்திகளை மிதித்துக்கொண்டு, உப்பெல்லாம் நொறுங்க, தலைத்துண்டை உருவி இவர் கையில் சுற்றினான். சுற்றிக்கொண்டே, அண்ணாச்சி, அது உங்கள... என்று ஆரம்பித்தான். வாயை மூடுலே என்றார் இவர். இல்ல அண்ணாச்சி, நான் எதிர்ல நின்னு பார்த்தேன், காத்து மாறிடுச்சு, அது உங்கள... மூடுலே, இன்னைக்கு நடந்ததை ஒரு வார்த்தை வெளிய சொன்ன, ஒன் பல்லியத் தெருத்தெருவா இழுத்துட்டுப் போவேன். அவன் வாயை மூடிக்கொண்டான். நல்ல மனுஷன், மூடின வாயைச் சாகிறவரைக்கும் திறக்கவில்லை. போன ஆவணியில் போய்ச் சேர்ந்தான். இவர் துக்கத்துக்குப் போகவில்லை. ஒரு உப்பளக் காவல்காரன் என்னத்தைச் சொல்லிக் கிழித்திருக்கப் போகிறான். ஜெயித்துவிட்ட சங்கடத்தில் எதையாவது உளறியிருப்பான். அது உங்கள. அது உங்களை என்ன? விட்டுட்டு ஓடிருச்சு. அப்படித்தான் முடிந்திருக்கும் அந்த வாக்கியம், வேறு எப்படி முடியும்? வேறு எப்படி முடியும் என்று மனசு கேட்டபோதெல்லாம் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார், அல்லது யாரையாவது திட்டுவார். திட்டுவதற்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்த விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லை. பூதம் பிடிக்கிற எவனுக்கும் ஒன்று தெரியும்: பயந்து ஓடுகிற பாறைப்பூதம் கழுத்து விசிறியை மடக்கிக்கொண்டு ஓடும். மடக்காமல் ஓட முடியாது, காற்று தடுக்கும். விசிறியை விரிப்பது மறைப்பதற்கு. அடி வாங்குவதற்கு. அந்த மத்தியானம் ஓடி வந்ததே, அப்போது விசிறி மடங்கியிருந்ததா, விரிந்திருந்ததா? அதன் கண் ஞாபகம் இருக்கிறது. திறந்திருந்த வாய் ஞாபகம் இருக்கிறது. காலடியில் உப்பு தெறித்ததுகூட. கழுத்துக்கு வரும்போது மட்டும் வெயில் அடித்துவிடுகிறது, ஒன்றும் தெரிவதில்லை. மடங்கித்தான் இருந்திருக்கும். மடங்கித்தான். இல்லாவிட்டால் அவர் யார்? இந்த இருபத்தாறு வருஷம் என்ன? சிமிழ் அங்கே அறுபது எட்டு தூரத்தில் அதை அப்படியே வைத்திருக்கிறது, ஒரு தரம் போய்த் திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் கஷ்டம். பரவாயில்லை. சிமிழை வாங்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, தனியாகத் திறந்துகொள்ளலாம். எது வெளியே வந்தாலும் அவரும் அதுவும் மட்டும்.

"நாப்பத்தேழு!" நப்பின்னைதான் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். மூட்டு இரண்டும் சத்தம் போட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரெஜினாம்மா, சங்கிலி கட்டிய கண்ணாடி, ஏட்டில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பூதத்தோட பேர்?" "கருங்கல் வேந்தன்," என்றார். பின்னால் பெஞ்சில் ஒரு சலசலப்பு. ரெஜினாம்மா பக்கங்களைப் புரட்டினாள். "அந்தப் பேர்ல இல்ல." "எனக்கே சொல்றியா? ஊர் பூரா..." "ஊர் வச்ச பேர் வேண்டாம் சார். பிடிச்சவுடனே நீங்க வச்ச பேரு. அதச் சொன்னாத்தான் பூட்டு திறக்கும்." சனியன், அது ஒன்று இருக்கிறது. பிடித்தவன் முதலில் எந்தப் பேரைச் சொன்னானோ அதுதான் கடைசி வரை, மாற்ற முடியாது, ஒன்பது வயசில் கடற்கரையில் கையில் பொட்டலத்தோடு பாறை இடுக்கில் ஒன்றைப் பிடித்தவன் என்ன பேர் வைப்பான்? பொட்டலத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி முன்னால் வந்தது. பிற்பாடுதான் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது, அப்போது அணில் அளவு. கடைசிக் கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான், அது கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. குனிந்து, ஜன்னலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "சத்தமா சார்." "சுண்டல்." பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தும்மல் அம்மாளாகத்தான் இருக்கும். சிரிக்கட்டும். ரெஜினாம்மா சிரிக்கவில்லை; உள்ளே போய் ஒரு சிமிழை எடுத்துவந்து ஜன்னல் பலகையில் வைத்தாள். இவ்வளவு சின்னதா. கை நீட்டினார். அவள் சிமிழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "மூணு மாசத்துக்கு மேல வச்சதை மூடின வாக்குல வெளிய கொண்டுபோக முடியாது. இங்கயே திறந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். போர்டு இருக்கே, படிக்கலியா?" தலைக்கு நேர் மேலே ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. இத்தனை நேரம் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். போர்டு படிப்பதெல்லாம் மற்றவர்கள் வேலை என்று இருந்துவிட்டார். "நான் யார்னு தெரியுமா உனக்கு?" "தெரியும் சார். எங்க வீட்டுக்காரரு உங்க படத்துக்குத்தான் பொட்டு வைப்பாரு. திறக்கவா?" வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பின்னால் நாற்பது பேர். பக்கத்தில் இந்தப் பெண், முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலை அசைக்காமல் நிற்கிறாள். மடங்கியிருந்தால் ஒரு கோழையை வைத்து நாற்பது சண்டை ஜெயித்தவன் என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். விரிந்திருந்தால்? கடவுளே, மடங்கியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். தன் பூதம் கோழையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற முதல் ஆள் இந்த உலகத்தில் அவராகத்தான் இருப்பார். ரெஜினாம்மா கையை எடுத்துவிட்டு மூடியைத் திருகினாள்.

ஓடிக்கொண்டேதான் வந்தது. பலகையைத் தாண்டிக் குதித்து, மொசைக் தரையில் வழுக்கி, நகம் கிரீச்சிட, பெஞ்சை ஒரு முட்டு முட்டிக்கொண்டு, ஜன்னலை விட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிட்ட அவரைப் பார்த்து நேராக வந்தது. காலெல்லாம் ஈர உப்பு. ஓடிய இடமெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. விசிறி விரிந்திருந்தது. ஒரு முழ அகலத்துக்கு, நரம்பு தெறிக்க, முறத்தை நிமிர்த்திப் பிடித்த மாதிரி விரிந்திருந்தது. அது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வாசனையை அடைந்ததும் சட்டென்று திரும்பி, முதுகை அவர் முழங்காலோடு ஒட்டவைத்து, வாலை அவர் கணுக்காலைச் சுற்றிப் போட்டு, நாலு காலையும் அகற்றி ஊன்றி, ஜன்னலைப் பார்த்து நின்றது. உடம்பெல்லாம் நடுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்து நிற்கிறவர்கள் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள். ரெஜினாம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "சார்," என்றாள் நப்பின்னை, "அது உங்கள..." சொல்லிவிட்டு, எப்போதும் வெட்டுகிற ஆள் வெட்டுவார் என்று தானே நிறுத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு." "இல்ல சார், ஒண்ணுமில்ல." "சொல்லும்மா. முழுசாச் சொல்லு." "அது உங்கள மறைச்சிக்கிட்டு நிக்குது சார். உங்க மேல என்னமோ வருது, அது மேல வாங்கிக்கிடணும்னு நிக்குது." அவ்வளவுதான் அந்த வாக்கியம். இதைச் சொல்லி முடிக்க செல்லத்துரைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சைக் கேட்கப் பொறுக்காதவர், வந்தவன் போனவனையெல்லாம் பேச்சைக் கேட்கத் தெரியாதவன் என்று இருபத்தாறு வருஷம் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சிலையை நினைத்தாலும் வெட்கம், மூன்றாவது வாக்கியத்தை நினைத்தாலும் வெட்கம். கோழை நாயே என்று அவர் கத்தி அதற்கு இன்னும் ஒரு நொடி ஆகவில்லை. காதில் இருக்கும். அதைக் கேட்டும், கேட்டுக்கொண்டேதான், மிச்ச இரண்டு எட்டையும் ஓடி வந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். "சுண்டலு," என்றார். குரல் கிழவன் குரலாக இருந்தது, பேர் அதே பேர்தான். அதன் காது ஒன்று பின்னால் மடிந்தது. "தீ போயிருச்சுலே. அப்பவே போயிருச்சு. நீ கோழை இல்லலே." அது நம்பவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து அவரை இன்னும் சுவரோடு சேர்த்து மறைத்தது. இன்னும் சற்று நேரத்தில் அது கண்ணைத் திறக்கும், திரும்பும், முப்பத்திரண்டு வயசுக்காரன் ஒருத்தனைத் தேடும். அதற்குள் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "சார், கையெழுத்து," என்றாள் ரெஜினாம்மா மெதுவாக. "இரும்மா," என்றார் அவர், "அது நிக்குதுல்ல." ஜன்னலுக்கு மேலே நாற்பத்தெட்டு எரிந்தது. வழுக்கைத்தலையர் அட்டையோடு எழுந்து இரண்டு எட்டு வந்தார், விரிந்திருந்த விசிறியைப் பார்த்தார், துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் போய் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.